மூன்றாம் அறையில் ஆள்

காத்தான்குடியில் ஸஹீதாவிடம் அறை வாடகைக்குக் கேட்டுப் போகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்துவிட்டுத்தான் போவார்கள். அறைகளில் ஒரு குறையும் இல்லை. வரிசையாக நான்கு அறைகள். முன்னால் நீளமான விறாந்தை, அதற்கப்பால் தெரு. பின்னால் வாவி. ஒவ்வொன்றுக்கும் வாவிப் பக்கமாக ஒரு பின்கதவு, தனிக் குளியலறை, மாரி காலத்தில் குளிக்கச் சுடுதண்ணீர். குறையெல்லாம் ஸஹீதாவின் வாயில்தான் இருந்தது. மின்விசிறியை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போன ஒருவரை பஸ் தரிப்பிடம் வரை துரத்திக்கொண்டு போய், நாலு பேர் பார்க்க நிறுத்திவைத்து, "ஆளில்லாத அறையில ஆருக்கு மனே காத்து வீசுது?" என்று கேட்ட பெண் அவள். அந்த மனிதர் அன்று பஸ்ஸை விட்டுவிட்டார்.

வாய் அப்படி என்றால் மனம் எப்படி என்று கேட்பீர்கள். மனமும் அப்படித்தான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. குவைத்தில் அவள் உழைத்துக்கொண்டிருந்தபோது புருஷன்காரன் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டான். செய்தி கிடைத்ததும் அவள் அழுது கடிதம் எழுதுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாய் வந்த வளவில் ஆண் வந்து குடியிருப்பான், அவ்வளவுதான். ஸஹீதா தொலைபேசியில் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "எண்ட வீட்டில இரிந்து ஒண்ட சாரனை எடுத்துக்கிட்டுப் போ." அவன் போனான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. உலகத்தில் அவள் வாய் திறக்காத ஒரே விஷயம் அதுதான்.

குவைத்தில் குளிர் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பாலைவனம் என்றால் வெயில்தானே என்பார்கள். மார்கழியிலும் தையிலும் அங்கே விறைக்கிற விறைப்பு ஸஹீதாவின் எலும்புக்குத்தான் தெரியும். அவள் வேலை செய்தது ஒரு பெரிய கட்டடத்தில். முழுவதும் வாடகை வீடுகள். கூட்டுவது, துடைப்பது, குப்பை இறக்குவது அவளுடைய வேலை. வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் பூட்டிய கரண்ட் ஹீற்றரைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவார்கள். ஆளில்லாத வீடுகள் கதகதவென்று கிடக்கும். ஸஹீதா மொட்டைமாடியில், உடைந்த கதிரைகள் அடுக்கிய அறையில், சீமெந்துத் தரையில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பாள். அவளுடைய அறைக்கு ஹீற்றர் இல்லை. கேட்டதற்கு, கூரைக்கு மேலே ஆட்கள் இருப்பதாகக் கணக்கில்லை என்று முதலாளி சொன்னாராம்.

ஒரு வருஷம் முதலாளிக்குக் கரண்ட் செலவு பொறுக்கவில்லை. எல்லா வீட்டுக் கூரை மூலையிலும் ஒரு வெள்ளைப் பெட்டி பூட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. ஆளின் சூட்டையும் அசைவையும் அது கண்டுகொள்ளும். ஆள் வந்தால் ஹீற்றர் தானாகப் பற்றும். ஆள் போனால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாக நூர்ந்துவிடும். ஸஹீதாவுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு யார் எதைச் சொன்னார்கள்? மறுநாள் விடியற்காலை வாளியும் தும்புத்தடியுமாக ஒரு காலி வீட்டுக்குள் நுழைந்தாள். மூலையில் ஒரு பொட்டு மின்னியது. சுவரில் "டிக்" என்று ஒரு சத்தம். ஹீற்றர் சிவந்து, அவளுடைய முழங்காலில் சூடு வந்து பட்டது.

அந்த நாட்டில் அவளை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் அவளைச் சுவர் என்று நினைத்து விலகிப் போவார்கள். இங்கே ஒரு ஆள் வந்திருக்கிறாள் என்று முதன்முதலாகக் கண்டுபிடித்தது அந்தப் பெட்டிதான். ஸஹீதா தும்புத்தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கூட்டத் தொடங்கினாள், மிக மெதுவாக. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கட்டடத்தின் காலி வீடுகள்தான் குவைத்திலேயே சுத்தமான வீடுகளாக இருந்திருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது மற்றவர்கள் நகையும் தொலைக்காட்சிப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். ஸஹீதா கம்பளியும், ஒரு பை நிறைய அதே மாதிரி வெள்ளைப் பெட்டிகளும் வாங்கிக் கொண்டுவந்தாள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடல் வந்து ஊர்களை அள்ளிப்போன வருஷத்துக்குப் பிறகு மட்டக்களப்புக்கு நிவாரண நிறுவனங்கள் படையெடுத்து வந்தன. அவர்களுக்கு இருக்க இடம் வேண்டும், குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். ஸஹீதா வளவில் நான்கு அறைகளைக் கட்டினாள். குளியலறைகளில் தண்ணீர் சுடவைக்கும் கரண்ட் ஹீற்றர் தொட்டிகளைப் பூட்டினாள். வந்தவர்களும் குவைத் ஆட்களைப் போலவே போட்டது போட்டபடி போனார்கள். அவள் பையை அவிழ்த்தாள்.

வயர் வேலைக்கு உசனார் வந்தான். அடுத்த வளவு, தங்கமான மனுஷன், அதிகம் வாய் பேசாதவன். அதனால்தான் ஸஹீதாவோடு அவனுக்கு ஒத்துப்போனது. பெட்டிகளைக் கூரை மூலையில் பூட்டி, ஹீற்றர் வயரோடு இணைத்துக் கொடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். ஸஹீதா விடவில்லை. ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் வெளிப்பக்கமாக ஒரு குட்டிப் பச்சை பல்ப் வேண்டும் என்றாள், கலியாண வீட்டுச் சோடனையில் எரியுமே, அது. உள்ளே ஆள் இருந்து ஹீற்றர் வேலை செய்தால் பல்ப் எரிய வேண்டும். அவள் குசினியில் சமைத்தபடியே, தன்னுடைய கரண்ட் மனுஷருக்கு எரிகிறதா சும்மா எரிகிறதா என்று பார்க்க வேண்டும். உசனார் ஏணியில் நின்று யோசித்தான். பிறகு அபூர்வமாக வாயைத் திறந்தான்.

"உள்ளுக்கு ஆள் இரிக்கிறது தெருவுக்கு என்னத்துக்கு ராத்தா?"

நல்ல கேள்வி. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்க முடியாது. யுத்தம் பழக்கிய பழக்கம் ஒன்று எல்லா வீட்டிலும் இருந்தது: முன்கதவுக்கு வெளியே பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து உள்ளே இருப்பது. தேடி வருகிறவன் பூட்டைப் பார்ப்பான், ஆள் இல்லை என்று போவான். பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். உள்ளே இருமல் வந்தால் தலையணையைக் கடிப்பார்கள். பூட்டு பொய் சொல்லித்தான் பல பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் ஸஹீதா குவைத்தில் இருந்த வருஷங்களில் அந்தப் பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. "சொன்னதச் செய் மனே" என்றாள். உசனார் செய்தான்.

ஊர் சும்மா இருக்குமா? அறைக்குள் கண் வைத்திருக்கிறாள், படம் பிடிக்கிறாள் என்று கதை கிளம்பியது. பள்ளிவாசலில் இருந்து பெரியவர்கள் விசாரிக்க வந்தார்கள். ஸஹீதா அவர்களில் ஒருவரை அறைக்குள் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை வெளியே நிறுத்தினாள். உள்ளே இருந்தவர் தாடியைத் தடவினார், பல்ப் எரிந்தது. அசையாமல் இருங்கள் என்றதும் மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் பல்ப் நூர்ந்தது. ஸஹீதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெரு முனைக்கும் கேட்கிற குரலில் தீர்ப்புச் சொன்னாள்.

"இது படம் புடிக்காது. ஆரெண்டு கேக்காது. ஆள் இரிக்கா இல்லையா, அதுமட்டும்தான் இதுக்குத் தெரியும். எண்ட பெட்டி பொய் சொல்லாது."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அவளுக்கு ஒரு பாட்டாகிவிட்டது. சந்தையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், கலியாண வீட்டில் சொன்னாள். இரண்டாம் அறையில் நல்லரத்தினம் என்று ஒரு வங்கி உத்தியோகத்தர் இருந்தார். சாய்மனைக் கதிரையில் புத்தகமும் கையுமாகச் சாய்ந்தால் மனுஷன் கல்தான். பெட்டி அவரை ஆளாகவே மதிக்காது; தண்ணீர் ஆறிவிடும். அதனால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி ஒரு கையைத் தூக்கி ஆட்டுவார். ஜன்னலால் பார்த்தவர்கள் அவருக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவர் அதையும் கவனிக்கவில்லை.

வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கி, சனங்கள் சேற்றிலும் காட்டிலும் நடந்து மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த மாரி அது. கண்ணகை அந்தப் பக்கத்துப் பிள்ளை. ஒரு நிவாரண நிறுவனத்தில் தாதி வேலைக்கு உதவியாளாக இருந்தாள். மூன்றாம் அறை அவளுக்கு. மெல்லிய பிள்ளை. பேச்சுக் குறைவு, கரண்ட் செலவும் குறைவு. ஸஹீதாவுக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அந்த இரண்டாவது காரணமே போதும்.

ஒருநாள் அவளுடைய கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது. மேலே பச்சை பல்ப் எரிந்துகொண்டிருந்தது. ஸஹீதா பின்பக்கமாகப் போய்க் கதவைத் தட்டினாள். வேலைக்குப் போகாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கண்ணகை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவளோடு வேலை செய்த ஒருவரைப் பட்டப்பகலில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்களின் முகத்தை அவள் கண்டாள். நிறுவனத்து வெள்ளைக்காரர் கேட்டபோது, கண்டதைக் கண்டபடி சொன்னாள், தன்னுடைய பெயரையும் சேர்த்துச் சொன்னாள். இப்போது அந்த முகங்கள் அவளைத் தேடுகின்றன. அவளைக் கொழும்புக்கு ஏற்றிவிட நிறுவனம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தது. வாகனம் வர இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

"நான் வேற இடம் பாக்கிறன் ராத்தா. என்னால உங்களுக்கு என்னத்துக்குக் கரச்சல்?"

ஸஹீதாவுக்குப் பயம் வந்தது உண்மைதான். தனியாள். கேட்பார் இல்லை. தமிழ்ப் பிள்ளையை ஒளித்துவைத்து மாட்டினால் ஊரே திட்டும். ஒளிக்காமல் விட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் கூரைக்கு மேலே ஆட்கள் இருப்பதாகக் கணக்கில்லை என்ற அந்தக் குரல் அவளுடைய காதை விட்டு இன்னும் போகவில்லை. இந்தப் பிள்ளையையும் அப்படி இல்லாத ஆளாக ஆக்கத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் ஸஹீதாவுக்குப் பயம் பின்னுக்குப் போய்விடும். "எண்ட அறைய விட்டு ஒருத்தரையும் இன்னொருத்தன் எழுப்பேலாது" என்றாள். "எழுப்புறண்டா நான்தான் எழுப்பணும்."

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் அவர்கள் வந்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் தெருவில் நின்றன. முன்னால் வந்தவன் அந்த மழைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்படி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். எந்தத் தரப்பு என்று ஸஹீதா கேட்கவில்லை. அந்த நாட்களில் அப்படிக் கேட்பவர்கள் கிடையாது.

வாகரைப் பிள்ளை எங்கே என்று கேட்டான். கொழும்புக்குப் போய்விட்டாள், பூட்டு தொங்குகிறது, கண் தெரியவில்லையா என்றாள் ஸஹீதா. கண்ணாடிக்காரன் பூட்டைப் பார்த்தான், சாத்திக் கிடந்த ஜன்னலைப் பார்த்தான். பிறகு பார்வையை மேலே தூக்கினான். பூட்டுக்கு நேர் மேலே பச்சை பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"உம்மா, உங்கட பெட்டி பொய் சொல்லாதெண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்க."

ஸஹீதாவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் வாயால் தானே கட்டிய சுருக்கு. அடி பைத்தியக்காரி, பல்பை வெளியே வைக்கச் சொன்னது யார்? உசனார் ஏணியில் நின்று கேட்டானே! ஆனால் அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பெட்டியின் குணம் தெரியும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட நிமிஷமே அவள் அசையாமல் படுத்திருப்பாள். கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும், பல்ப் தானாக நூரும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொடுக்க வேண்டியது ஸஹீதாவின் வாய்.

அந்த வாய் வாழ்நாள் முழுக்கப் பழகியது அன்றைக்குத்தான் பயன்பட்டது. அது பூனை, மனே, என்று தொடங்கினாள். தெருவில் திரிகிற கள்ளக் கடுவன், கூரை இடுக்கால் உள்ளே புகுந்துவிடுகிறது, மீன் ஒன்றை வைக்க விடுவதில்லை. பூனையின் குலத்தைத் திட்டினாள். அங்கிருந்து மழைக்குப் போனாள், மழையில் இருந்து சேற்றுக் காலோடு விறாந்தையில் ஏறியதற்குப் போனாள், யார் கழுவுவது என்று கேட்டாள், அங்கிருந்து குவைத்துக்கே போய்விட்டாள். கண்ணாடிக்காரன் வாயைத் திறக்கும் போதெல்லாம் அவள் குரலை உயர்த்தினாள். கதவைத் திற என்றான். பூட்டுத் திறப்பு பிள்ளையிடம் இருக்கிறது, உடைப்பதென்றால் உடை, தனிப் பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்தவன் என்று நாளைக்குப் பள்ளிவாசலில் உன் பெயர்தான் என்றாள். அவன் தயங்கினான். காரணமில்லாமல் இந்த ஊரோடு கொளுவ வேண்டாம் என்று அவனுக்கு மேலே இருப்பவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். உடைத்து ஆள் இல்லாவிட்டால் அவன் பாடு கஷ்டம்.

பல்ப் நூர்ந்தது.

"பாரு. பூனை போயிட்டு" என்றாள் ஸஹீதா.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கூட வந்தவர்களில் ஒரு தடியனைக் கூப்பிட்டு, விறாந்தைக் கதிரையில் உட்காரச் சொன்னான். பல்பைப் பார்த்துக்கொண்டே இரு, விடிய வருகிறேன், பூனையா பிள்ளையா என்று உம்மாட பெட்டியே சொல்லட்டும் என்றான். அறைக்குள் சீவனுள்ள ஒருத்தி ஒரு இரவு முழுக்க அசையாமல் இருக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும், ஸஹீதாவுக்கும் தெரியும்.

மோட்டார் சைக்கிள்கள் போன பிறகு உசனார் பின்பக்கத்தால் வந்தான். பல்பைக் கழற்றிவிடலாமா என்றான். ஸஹீதா தலையாட்டி மறுத்தாள். பல்பைக் கழற்றினால் அதுவே சாட்சி. இந்த நிமிஷமே கதவை உடைப்பார்கள். அவள் விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தடியன் கதிரையை இழுத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணைப் பல்பில் வைத்துக்கொண்டு இருந்தான். வீட்டின் பின்பக்கத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? பொய் சொல்லாத பெட்டி ஒன்று அவனுக்காகக் காவல் இருக்கிறதே! ஸஹீதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னை மாட்டிவைத்த அதே பேச்சு இப்போது அவனையும் கதிரையில் மாட்டிவைத்திருக்கிறது.

"உசனார், அந்தக் கடுவனைப் புடி" என்றாள்.

ஆளைப் பிடிப்பதைவிட அந்தக் கடுவனைப் பிடிப்பது பெரிய வேலை. சித்தி நபீஸா என்ற உசனாரின் மனைவி சூடை மீன் தலைகளைக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கடுவன் மீனையும் தின்று உசனாரின் கையையும் கீறியது. மஃரிப் பாங்கு சொல்லி, மழை இருட்டும் சேர்ந்து வாவியை மூடிய நேரத்தில், பின்கதவால் கண்ணகை வெளியே வந்தாள். சித்தி நபீஸா தன்னுடைய அபாயாவை அவளுக்குப் போட்டுவிட்டாள். அவள் வெளியே வந்த கதவாலேயே கடுவன் உள்ளே போனது, மிச்ச மீன் தலைகளோடும் ஒரு சட்டி பாலோடும். அது தன் வாழ்நாளில் ஸஹீதாவின் கையால் வாங்கிக் குடித்த முதல் பால்.

கரையில் உசனாரின் தோணி நின்றது. தெற்கே அவனுடைய மாமியாரின் வளவுத் துறை வரைக்கும் வாவியோடு போய், விடியக்காலை அங்கே வரச் சொல்லியிருக்கும் நிறுவன வாகனத்தில் கல்முனை, அம்பாறை வழியாகக் கொழும்பு. நாளை நடுப்பகல் வரை அந்த ஆட்கள் இங்கே இருந்துவிட்டால் பிள்ளை மலைநாடு ஏறி, அவர்கள் கைக்கு எட்டாமல் போய்விடுவாள். அதுதான் எல்லாம். கண்ணகை ஸஹீதாவின் கையைப் பிடித்தாள், எதையோ சொல்ல வந்தாள். ஸஹீதா அவளைப் பேச விடவில்லை. அழுதால் இரண்டு பேருக்கும் கேடு. "போ புள்ள. ஹீற்றரை நான் பாத்துக்கிறன்" என்றாள்.

விடிந்தது. கண்ணாடிக்காரன் வந்தபோது தடியனின் கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் சந்தோஷம். இரவெல்லாம் எரிவதும் நூருவதுமாக இருந்தது, நிச்சயமாக உள்ளே ஆள்தான், அசையாமல் கிடந்து பார்க்கிறாள், முடியவில்லை என்றான். கண்ணாடிக்காரன் இப்போது தயங்கவில்லை. கதவைக் காட்டினான்.

ஸஹீதா கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒடைக்கிறண்டா ஊருக்கு முன்னால ஒடை. இண்டைக்கி வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிஞ்சி ஆக்கள் வரட்டும். புள்ள உள்ளுக்கு இரிந்தா நானே கையப் புடிச்சித் தாறன். இல்லாட்டி எண்ட கதவுக்கு நீ ஊருக்குப் பதில் சொல்லணும்."

அவன் யோசித்தான். கையில் வெற்றி இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நேரத்தைப் பற்றிக் கவலைப்படமாட்டான். ஊருக்கு முன்னால் பிள்ளையை இழுத்தெடுத்தால் பழி ஊருக்கே போகும், அவனுக்குப் பெயர் கிடைக்கும். சரி என்று உட்கார்ந்தான். ஸஹீதா அவர்களுக்கு பிளேன்ரீ போட்டுக் கொடுத்தாள். சீனி குறைவு என்றான். கூட்டிப் போட்டுக் கொடுத்தாள். இடையிடையே பல்ப் எரிந்தது. எரியும்போதெல்லாம் அவன் தடியனைப் பார்த்துச் சிரித்தான். வெயில் ஏறியது. பிள்ளை இப்போது அம்பாறை, இப்போது அதற்கும் அப்பால் என்று ஸஹீதா தனக்குள் ஊர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வீதித் தடையில் இறக்கிவிட்டிருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக் குடித்தாள்.

ஜும்ஆ முடிந்து தொப்பிகளோடு ஆண்கள் தெருவை நிறைத்தார்கள். உசனார் அவர்களிடம் வழியிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தான். எந்த அளவுக்குச் சொல்ல வேண்டுமோ அந்த அளவுக்கு. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வேலியோரம் வரிசையாக நின்றார்கள். இரண்டாம் அறையில் இருந்து நல்லரத்தினமும் புத்தகத்தில் விரலை வைத்தபடி வெளியே வந்து நின்றார். கண்ணாடிக்காரன் கையைக் காட்ட, தடியன் பூட்டை அடித்து உடைத்துக் கதவை உதைத்தான்.

கடுவன் வெளியே வந்தது. வாசற்படியில் நின்று முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. பிறகு கண்ணாடிக்காரனின் இரண்டு காலுக்கும் நடுவால் நிதானமாக நடந்து போனது.

வேலியோரம் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் நிற்குமா? தெருவே சிரித்தது. தடியன் உள்ளே ஓடி, கட்டிலுக்குக் கீழே, குளியலறையில், கதவுக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தான். கண்ணாடிக்காரனின் கழுத்து நரம்பு புடைத்தது. சட்டைக்குள் இருந்ததை வெளியே எடுத்தான். சிரிப்பு நின்றது. அவன் அறைக்குள் போய், கதிரையில் ஏறி, பிடியால் அந்த வெள்ளைப் பெட்டியை அடித்து நொறுக்கினான். துண்டுகள் ஸஹீதாவின் காலடியில் வந்து விழுந்தன.

குவைத்தில் அவளை முதன்முதலாக ஆள் என்று சொன்ன பெட்டியின் கூடப்பிறந்தவற்றில் ஒன்று அது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவன் வெளியே வந்து அவளுடைய முகத்துக்கு நேரே நின்று, எங்கே அனுப்பினாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"எண்ட பெட்டி பொய் சொல்லாது. பூனையெண்டு நேத்தே சொன்னன், நீதான் நம்பல்ல" என்றாள் ஸஹீதா. "கண்ண ஒடச்சிப்போட்டா ஆள் இல்லாமப் போயிருமா மனே? நீ தேடுற ஆள் இரிக்கு. ஒண்ட கையிலதான் இல்ல."

வேலியோரம் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். சும்மா ஒரு அடி. கண்ணாடிக்காரன் அவர்களைப் பார்த்தான், கையில் இருந்ததைச் சட்டைக்குள் வைத்தான். கவனமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனான். தன்னுடைய வீட்டில் தான்தான் இருப்பேன், வேண்டுமானால் திரும்பி வந்து பார் என்று அவள் முதுகுக்குப் பின்னால் கத்தினாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகு ஸஹீதா மூன்றாம் அறைக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஈரத் தரையில் உட்கார்ந்து, குடித்த தேநீரையெல்லாம் வாந்தி எடுத்தாள். சித்தி நபீஸா வந்துதான் முகத்தைக் கழுவிவிட்டாள். வெளியே உசனாரின் கைத்தொலைபேசிக்கு, பிள்ளை மலைநாடு ஏறிவிட்டாள் என்று செய்தி வந்திருந்தது.

அன்றைக்கே ஸஹீதா ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, நான்கு பச்சை பல்புகளையும் கழற்றினாள். உள்ளே ஆள் இருக்கிறது என்று அறைக்குத் தெரிந்தால் போதும், தெருவுக்குத் தெரியத் தேவையில்லை என்று உசனாரிடம் சொன்னாள். அதைத்தானே நான் அன்றைக்கே கேட்டேன் என்று உசனார் சொல்லவில்லை. அவன் சொல்லாத மனுஷன். நொறுங்கிய பெட்டிக்குப் பதிலாகப் பையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு கஷ்டமான காலம். பயத்தில் ஆட்கள் வாடகைக்கு வரவில்லை. நல்லரத்தினத்தை அவருடைய வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அறைகளைப் பூட்டிவிட்டுத் தங்கச்சி வீட்டில் போய் இரு என்று பலரும் புத்தி சொன்னார்கள். ஸஹீதா ஒருவருக்கும் மசியவில்லை. தினமும் நான்கு அறைகளையும் கூட்டினாள், மெதுவாக. அவள் நுழையும்போது பெட்டிகள் மின்னின. கடுவன் இப்போது குசினிக்குள் படுத்தது. அவள் அதைத் திட்டுவதை மட்டும் விடவில்லை.

அடுத்த வருஷத்து மாரியில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. கண்ணகை. கொழும்பைத் தாண்டி, எங்கெங்கோ அலைந்து, பனி கொட்டும் நாடொன்றில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாளாம். ஸஹீதா அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். சாப்பிட்டாயா, குளிருக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று ஆயிரம் கேட்டாள். பிள்ளையின் குரல் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தது.

"இஞ்சயும் கூரையில ஒரு பெட்டி இருக்கு ராத்தா. உங்கட மாதிரியே. ஆனா எனக்கு ஹீற்றர் நூந்து நூந்து போகுது. நான் இருந்த இடத்தில அசையாமலே இருந்திடுறன். கதவுச் சத்தம் கேட்டா மூச்சையும் புடிச்சிக்கொண்டு இருக்கிறன். பழகிப்போச்சு."

ஸஹீதா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"எழும்பு" என்றாள். "எழும்பி நில்லு. அறைக்கு நடுவில வா. கைய ஆட்டு. நல்லாத் தூக்கி ஆட்டு புள்ள, ஆள் இரிக்கெண்டு காட்டு."

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. உடுப்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு, எங்கோ தூரத்தில், "டிக்" என்று ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று ஸஹீதாவுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.